டிஎக்ஸ்7ல ஃபில்டர தேடாதீங்க, மாடுலேட்டரோட என்வலப்ப தொடுங்க

கேள்வி: "அண்ணா, பழைய யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைஸர் ஒண்ணு செகண்ட்ஸ்ல கெடச்சுது. இதுக்கு முன்னாடி அனலாக் சிந்த் தான் வச்சிருந்தேன், கட்-ஆஃப் நாப்ப திருப்பினா என்ன ஆகும்னு கைக்கே தெரியும். இதுல நாபும் இல்ல ஃபில்டரும் இல்ல. எடிட்ல போயி எதையாவது மாத்தினா ஒண்ணு எதுவுமே ஆகல, இல்லன்னா தகரத்த கல்லால அடிச்ச மாதிரி ஆயிடுது. எலக்ட்ரிக் பியானோவும் பெல்லும் தவிர இதுல வேற சவுண்டே எடுக்க முடியாதா? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

எடுக்கலாம் தம்பி, நெறையவே எடுக்கலாம். "ஒண்ணு எதுவுமே ஆகல, இல்லன்னா தகரம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது உங்க கைல இருக்கிற குத்தம் இல்ல, அந்த மெஷினோட அவுட்புட் லெவல் நம்பர் அப்படித்தான் வேல செய்யும். 0லேருந்து 99 வரைக்கும் இருக்கே, அது நேர்க்கோட்டுல ஏறாது. மேல்பக்கத்துல ஒவ்வொரு படிக்கும் முக்கால் டெசிபெல் மாதிரி ஏறுது, அதாவது எட்டு படி ஏத்தினா வலு ரெண்டு மடங்கு. அதனால ஒரு மாடுலேட்டர (நேரா காதுக்கு வராம இன்னொரு அலைய ஆட்டி வைக்கிறது) 10லேருந்து 45க்கு கொண்டுபோனாலும் காதுக்கு ஒண்ணும் தெரியாது, 85லேருந்து 95க்கு போனா வீடே அலறும். கேக்கிற மாதிரி சவுண்டு முக்காவாசி 60க்கும் 85க்கும் நடுவுல தான் இருக்கு, அங்கயே சுத்துங்க, 90க்கு மேல வேணும்னே போனா மட்டும் போங்க.

அடுத்தது, ப்ரீசெட்ட எடுத்து அதுல மாத்தாதீங்க. ஆறு ஆப்பரேட்டர் (சைன் வேவ் குடுக்கிற சின்ன எஞ்சின்), ஒவ்வொண்ணுக்கும் நாலு ரேட் நாலு லெவல் என்வலப் (நேரம் போகப் போக லெவல் எப்படி ஏறி எறங்கணும்ங்கிறது), இத்தனையும் ஏற்கனவே ஒருத்தர் பேலன்ஸ் பண்ணி வச்ச இடத்துல ஒரு செங்கல்ல உருவினா செவரு சாயத்தான் செய்யும். ஃபங்ஷன் பட்டன அமுக்கி 10ஆம் நம்பர் பட்டன், வாய்ஸ் இனிட்னு கேக்கும், எஸ் குடுங்க, நிச்சயமான்னு இன்னொரு தடவ கேக்கும், அதுக்கும் எஸ். இப்ப அல்காரிதம் (எந்த ஆப்பரேட்டர் எத ஆட்டணும்ங்கிற அமைப்பு) 1, முதல் ஆப்பரேட்டர் மட்டும் 99, மத்த அஞ்சும் 0, கேக்கிறது வெறும் சைன் வேவ், விசில் அடிச்ச மாதிரி. இங்கேருந்து தான் ஆரம்பிக்கணும்.

முதல் சோதனை இத பண்ணுங்க, ஏன்னா எஃப்எம் சிந்தசிஸ் (ஒரு அலைய வச்சு இன்னொரு அலைய ஆட்டி சவுண்டு எடுக்கிற முறை, டிஎக்ஸ்7 வேல செய்யுறது இதுல தான்) பொறந்ததே இப்படித்தான். 1967ல ஸ்டான்ஃபர்ட்ல ஜான் சௌனிங்னு ஒரு இசையமைப்பாளர் கம்ப்யூட்டர்ல வைப்ராட்டோவ வச்சு விளையாடிட்டு இருந்தாரு, வைப்ராட்டோவோட வேகத்தையும் ஆழத்தையும் ஏத்திக்கிட்டே போனப்ப ஒரு கட்டத்துல அது ஆட்டமா கேக்காம புதுசா ஒரு நாதமாவே மாறிடுச்சு. அத நீங்களும் அஞ்சு நிமிஷத்துல கேக்கலாம். எடிட் மோடுல ஆப்பரேட்டர் செலக்ட் அமுக்கி 2க்கு வாங்க, பட்டன் 17ல ரேஷியோவ ஃபிக்ஸட்னு மாத்துங்க, 18லயும் 19லயும் ஃப்ரீக்வென்சிய 6 ஹெர்ட்ஸ் கிட்ட வைங்க, பட்டன் 27ல அவுட்புட் லெவல 85. ஒரு கீய அமுக்கிட்டே இருங்க, நல்லா பாட்டுக்காரர் மாதிரி ஆடும். அப்படியே ஃபிக்ஸட்ட 10, 20, 40ன்னு ஏத்துங்க, ஆட்டம் கரகரப்பாகும், 100 தாண்டினதும் ஆட்டமே இருக்காது, வேற ஒரு வாத்தியம் கேக்கும். காதுக்கு ஒரு தடவ இது புரிஞ்சிட்டா மாடுலேட்டர்னா ரொம்ப வேகமான வைப்ராட்டோன்னு மனசுல பதிஞ்சிடும், அப்புறம் மேனுவல்ல இருக்கிற படம் எதுவும் பயமுறுத்தாது.

ஆட்டம் வேகமாகும்போது கேரியரோட (ஆட்டப்பட்டு நம்ம காதுக்கு வர்ற ஆப்பரேட்டர்) சுருதிக்கு ரெண்டு பக்கமும் புது ஸ்வரங்கள் மொளைக்குது. கேரியர் 100 ஹெர்ட்ஸ், மாடுலேட்டரும் 100ன்னா 200, 300, 400ன்னு வரிசையா எல்லாம் வரும், கிட்டத்தட்ட அனலாக்ல ரம்பப் பல் வேவ் மாதிரி. மாடுலேட்டர் ரெட்டிப்பா 200னா 100, 300, 500ன்னு ஒத்தப்படை மட்டும் வரும், கிளாரினெட் மாதிரி உள்ளுக்குள்ள காலியா இருக்கிற சவுண்டு. இப்ப மாடுலேட்டர 141னு வைங்க, 241 வரும், 382 வரும், இன்னொரு பக்கம் 41ம் 182ம் வரும் (100லேருந்து 141 கழிச்சா மைனஸ் 41, மைனஸ் சுருதின்னு ஒண்ணு காதுக்கு கெடையாது, அது தலைகீழா மடிஞ்சு 41ஆவே கேக்கும்). இந்த நம்பருங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது, அதனால தான் மணி. கோயில் மணிய அடிச்சா எது சுருதின்னு பாடிக் காட்ட கஷ்டமா இருக்கும்ல, அதே விஷயம். உங்களுக்கு தகரம் கேட்டதுக்கு பாதி காரணம் இங்க தான், ஃபைன் பட்டன்ல கை பட்டு ரேஷியோ 1.00லேருந்து 1.07 மாதிரி எங்கயாவது போயிருக்கும், லெவலும் அதிகமா இருந்திருக்கும். முழு எண்ணா வச்சா பாட்டு, உடைச்சா மணி, தகரம், சலங்கை. ரெண்டும் வேணும், எது வேணும்னு தெரிஞ்சு உடைக்கணும், அவ்வளவு தான். ஒரு விஷயம், ஃபிக்ஸட்ல வச்சா ஒவ்வொரு கீக்கும் உறவு மாறும், ரேஷியோவுல வச்சா கீபோர்டு முழுக்க ஒரே குணம் இருக்கும், அதனால சோதன முடிஞ்சதும் மறக்காம ரேஷியோவுக்கு திரும்புங்க.

சரி, ஃபில்டர். அனலாக்ல நீங்க என்ன பண்ணுவீங்க, பளபளன்னு இருக்கிற சவுண்ட எடுத்து ஃபில்டரால மழுக்குவீங்க. இங்க மழுங்கின சைன எடுத்து மாடுலேட்டரால பளபளப்பு ஏத்துறோம். அப்ப கட்-ஆஃப்னு நீங்க தேடுறது மாடுலேட்டரோட அவுட்புட் லெவல், ஃபில்டர் என்வலப்னு தேடுறது மாடுலேட்டரோட என்வலப். கேரியரோட என்வலப் சத்தம் எவ்வளவுன்னு மட்டும் தான் சொல்லும். எஃப்எம்ல சவுண்டு செதுக்குறதுன்னா முக்காவாசி நேரம் மாடுலேட்டரோட என்வலப்புல உக்காந்திருக்கிறது தான், நெறைய பேரு அல்காரிதத்த மாத்தி மாத்தி பாத்துட்டு சலிச்சுப் போயி விட்டுடுறாங்க. 32 அல்காரிதம் இருக்குன்னு பிரமிக்காதீங்க, முதல் ஒரு மாசம் 5ஆம் நம்பர் ஒண்ணு போதும், அதுல மூணு ஜோடி தனித்தனியா நிக்கும், 2 போயி 1ஐ ஆட்டும், 4 போயி 3ஐ, 6 போயி 5ஐ. மூணு குட்டி வாத்தியம் ஒண்ணா வாசிக்குதுன்னு வச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை, இங்க ரேட்னா வேகம், நேரம் இல்ல. 99 தான் ரொம்ப வேகம், 0 ரொம்ப மெதுவு. அனலாக்ல அட்டாக் நாப்ப ஏத்தினா மெதுவாகும், இங்க தலைகீழ். நானே முதல்ல ஒரு வாரம் இதுல மண்ட காஞ்சேன்.

உங்களுக்கு அலுத்துப்போன எலக்ட்ரிக் பியானோ 1 இருக்கே, அத ஒரு பாடமா எடுத்துக்கோங்க. அதுவும் 5ஆம் அல்காரிதம் தான். எடிட் மோடுல 1லேருந்து 6 வரைக்கும் இருக்கிற பட்டன்கள் அந்தந்த ஆப்பரேட்டர அணைச்சு ஏத்தும். 2ஆம் ஆப்பரேட்டர அணைச்சுப் பாருங்க, அந்த டிங்குன்னு அடிக்கிற கண்ணாடிச் சத்தம் காணாம போயிடும். அதோட ரேஷியோ 14, அதாவது நீங்க வாசிக்கிற ஸ்வரத்துக்கு 13 மடங்குலயும் 15 மடங்குலயும் ரெண்டு கீத்து போட்டுட்டு சட்டுன்னு செத்துடுது, அவ்வளவு தான் அந்த புகழ் பெற்ற டிங். இப்ப 14ஐ 7ஆக்குங்க, மரக்கட்டை வாசன வரும். 3ஐ வைங்க, வேற. அதோட என்வலப்ப கொஞ்சம் நீட்டுங்க, பியானோ போயி வைப்ராஃபோன் மாதிரி ஒண்ணு வரும். ஒரே ஒரு ஆப்பரேட்டர்ல கை வச்சதுக்கே இவ்வளவு.

பித்தளை வாத்தியம் வேணும்னா வேற கத. ட்ரம்பெட்ட பலமா ஊதினா சத்தம் கூடுறது மட்டும் இல்ல, பளபளப்பும் சேந்து கூடும், இத ஆராய்ஞ்சு சொன்னது ழான்-க்ளோத் ரிஸேன்னு ஒரு இசையமைப்பாளர், சௌனிங் அத எஃப்எம்ல சுலபமா கொண்டுவந்தாரு. ரேஷியோ 1:1, மாடுலேட்டரோட அட்டாக் கேரியர விட ஒரு சொட்டு மெதுவா, அப்புறம் கொஞ்சம் எறங்கி நிக்கணும். அதே தத்துவத்துல பட்டன் 28, கீ வெலாசிட்டி சென்சிட்டிவிட்டி, அத கேரியருக்கு 1 இல்ல 2, மாடுலேட்டருக்கு 5 இல்ல 6 குடுங்க. மெதுவா தொட்டா பஞ்சு, அடிச்சா கத்தி. டிஎக்ஸ்7 உயிரோட இருக்கிற மாதிரி கேக்கிறதுக்கு இந்த ஒரு செட்டிங் தான் காரணம்னு நான் அடிச்சு சொல்லுவேன், மவுஸால கிளிக் பண்ணி வாசிக்கிறவங்களுக்கு எஃப்எம் பிளாஸ்டிக்கா கேக்குறதும் இதனால தான்.

இருந்தாலும் கைக்கு ஒரு கட்-ஆஃப் நாப் இருந்தா தேவலன்னு தோணும்ல, அதுக்கும் வழி இருக்கு. மாடுலேஷன் வீல ஈஜி பயஸுக்கு (வீல ஆட்டினா ஆப்பரேட்டரோட லெவல் ஏறி எறங்குற செட்டிங்) மாத்துங்க, ஃபங்ஷன்ல 20ஆம் பட்டன் ஆன், 17ல ரேஞ்ச் 99, அப்புறம் எடிட்ல 16ஆம் பட்டன்ல ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன் சென்சிட்டிவிட்டிய மாடுலேட்டருக்கு மட்டும் 3ன்னு வைங்க, கேரியருக்கு 0வே இருக்கட்டும். வீல ஏத்தினா சவுண்டு தொறக்கும், எறக்கினா மூடும். 1:1ல தாழ்ந்த ஸ்வரத்துல ஃபீட்பேக்கும் (ஒரு ஆப்பரேட்டர் தன்னையே ஆட்டிக்கிறது) கொஞ்சம் சேத்து வீல ஆட்டிப் பாருங்க, மோர்சிங் வாசிக்கிற மாதிரியே வாய் தொறந்து மூடும். ஆனா ஒண்ணு, ஃபங்ஷன் செட்டிங் எல்லாம் இந்த மாடல்ல பேட்சோட (நீங்க செதுக்கி வச்ச சவுண்டு) சேமிக்காது, மெஷினுக்கே பொதுவானது, ஒரு சீட்டுல எழுதி கீபோர்டு மேல ஒட்டிக்கோங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச பயிற்சி தம்புரா. சாம்பிள் தம்புரா ஆயிரம் கெடைக்கும், அது இல்ல விஷயம், தம்புராவோட ஜீவா, அதாவது அந்த ரீங்காரம், எப்படி வருதுன்னு யோசிச்சா மாடுலேட்டர் என்வலப் தானா புரிஞ்சிடும். தந்திய மீட்டின உடனே பளபளப்பு உச்சத்துல இருக்காது, குதிரைக்கும் (தந்தி உக்காந்திருக்கிற கட்டை) தந்திக்கும் நடுவுல இருக்கிற நூலால மேல் ஸ்வரங்கள் கொஞ்சம் தாமதமா பூத்து மெதுவா அடங்கும். அப்ப 5ஆம் அல்காரிதத்துல மூணு கேரியரும் ரேட் 1 வேகமா, அப்புறம் ரொம்ப மெதுவா தேயணும். மாடுலேட்டர்கள் மட்டும் சாவகாசமா ஏறணும், ரேட் 1ஐ 50 கிட்ட ஆரம்பிச்சு காதால கேட்டு நகத்துங்க, ஏறினதும் மெதுவா எறங்கட்டும். முதல் ஜோடி 1:1, ரெண்டாவதுல மாடுலேட்டர் 3, மூணாவது மறுபடி 1:1 ஆனா ஃபீட்பேக் 5 (இந்த அல்காரிதத்துல ஃபீட்பேக் 6ஆம் ஆப்பரேட்டர்ல தான் இருக்கு). மூணு ஜோடியோட ஏறுற வேகமும் ஒண்ணா இருக்கக் கூடாது, ஒண்ணு பூத்து முடியுறப்ப அடுத்தது பூக்கணும். கேரியர்கள்ல டீட்யூன் +2, −2. பஞ்சமம், ஸட்ஜம், ஸட்ஜம், கீழ் ஸட்ஜம்னு சஸ்டெய்ன் பெடல் போட்டு வாசிங்க. அச்சு அசலா தம்புரா வராது, வரவும் வேணாம், ஆனா தம்புராவோட தங்கச்சி மாதிரி ஒண்ணு வரும், அது எந்த சாம்பிள்லயும் இருக்காது.

மேல் ஆக்டேவ் போனா காது கூசுதா? எஃப்எம்ல எல்லாருக்கும் வர்ற தொல்ல இது. மாடுலேட்டருக்கு கீபோர்டு லெவல் ஸ்கேலிங் போடுங்க, 23ல பிரேக்பாயின்ட்ட கீபோர்டு நடுவுல வச்சு வலது பக்க கர்வ் மைனஸ், டெப்த் மெல்ல ஏத்திக்கோங்க, மேல போகப் போக மாடுலேட்டர் தானா தணியும். அப்புறம் பேட் மாதிரி விரிஞ்ச சவுண்டு வேணும்னா இந்த மெஷினுக்குள்ள கோரஸ், ரிவர்ப் எதுவும் கெடையாது, வெளியில வர்றதும் மோனோ தான், பெடலோ கம்ப்யூட்டரோ ஏதாவது ஒண்ணு போட்டே ஆகணும். அதெல்லாம் ஏமாத்து வேலன்னு நெனைக்காதீங்க, போட்டா தான் நல்லா இருக்கும்.

பட்டன அமுக்கி அமுக்கி வெரல் வலிச்சா டெக்ஸெட்னு (Dexed) இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஆறு ஆப்பரேட்டரும் ஒரே ஸ்க்ரீன்ல தெரியும், அதுல செதுக்கி சிஸ்எக்ஸா (செட்டிங்க அனுப்புற மிடி டேட்டா) மிடி வழியா டிஎக்ஸ்7க்கு அனுப்பிடலாம். கோர்க் வோல்கா எஃப்எம்ங்கிற குட்டி சிந்த் வச்சிருக்கிற நண்பர்கள் இருந்தா அவங்க கூடவும் பேட்ச் மாத்திக்கலாம், அதுவும் இதே ஆறு ஆப்பரேட்டர் 32 அல்காரிதம் தான். யமஹாவோட ரீஃபேஸ் டிஎக்ஸ் நாலு ஆப்பரேட்டர், அதுக்கு இது போகாது.

செதுக்கி முடிச்சதும் வேற பேட்சுக்கு போறதுக்கு முன்னாடி முதல்ல சேமிங்க. மெமரி ப்ரொடெக்ட் இன்டர்னல் அமுக்கி நோ குடுத்துட்டு, ஸ்டோர புடிச்சுக்கிட்டே வேணுங்கிற நம்பர் பட்டன். அதுக்கும் முன்னாடி ஒண்ணு, செகண்ட்ஸ்ல வாங்கினதுன்னு சொன்னீங்க, இன்னைக்கே ஃபங்ஷன் 14ல பேட்டரி எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. 3 வோல்ட் பக்கத்துல இருந்தா நிம்மதி. நல்லா எறங்கியிருந்தா 32 பேட்சயும் மொதல்ல கம்ப்யூட்டருக்கு எடுத்து வச்சுட்டு, அப்புறம் மாத்தக் குடுங்க, உள்ள பேட்டரிய போர்டோட பத்த வச்சிருக்கும், அத கழட்டின நொடியில தம்புரா உட்பட எல்லாம் போயிடும்.