வீட்டுக் கவலையோடு வேலைக்கு வரும் ஊழியரின் மனநிலை அவர் வேலையைக் கெடுக்குமா? அதை எப்படிச் சமாளிப்பது?

கெடுக்கும். ஆனால் கேள்வியிலேயே 'வீட்டுக் கவலை' என்று முடிவு செய்துவிட்டீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் என்று நினைக்கிறேன்.

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவுக்குச் சூப்பர்வைசராகப் பல வருஷம் இருந்தேன். "வீட்டுப் பிரச்சினையைச் செருப்போடு வெளியே விட்டுட்டு வாங்க" என்று தினமும் காலையில் சொல்வேன். பெருமையாகத்தான் சொல்வேன்.

2018 தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. என் கவுண்டரில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, நல்ல வேலைக்காரி. "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று அவள் சொன்னால் ஒன்று எடுக்க வந்தவர்கள் இரண்டாக எடுப்பார்கள். அன்று வாயே திறக்கவில்லை. கேட்டதை எடுத்துப் போட்டாள், மடித்து வைத்தாள், அவ்வளவுதான். மடிக்கிற வேலை எந்த மனநிலையிலும் கெடாது, கை தானாகச் செய்துவிடும். பேச்சும் கவனமும்தான் முதலில் போகும்.

வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் கூறைப் புடவைக்கு அரக்கில் மயில் பார்டர் எடுத்தார்கள். இவள் பேக்கிங்குக்கு அனுப்பியது அதே அரக்கில் அன்னப் பார்டர். மறுநாள் ஆறு பேராக வந்து நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திட்டினேன், அபராதமும் எழுதினேன்.

ராத்திரி கடை சாத்தும்போது அவளே வந்தாள். "அண்ணே, மதியத்துக்கு மேல எல்லாப் புடவையும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரிஞ்சுது." தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் காலைப் பார்த்தேன். வீங்கிப்போய், செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. காலை ஒன்பதரையிலிருந்து நின்ற கால். அலமாரியில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து இன்டர்காமில் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தாள், இல்லை என்றவன் நான்தான். இதில் எது வீட்டுப் பிரச்சினை?

'வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டாமா, நாங்கள் நிற்கவில்லையா' என்று சிலர் வருவீர்கள். செய்ய வேண்டும்தான். சும்மாவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. முதலாளியையும் நான் திட்டவில்லை, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்த கடை அது. சாம்பார் தண்ணீர்தான், அது வேறு கதை.

ஊழியர் சிரிக்கவில்லை என்று மேனேஜரிடம் புகார் சொல்லும் வாடிக்கையாளர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, போட்டோ எடுத்து, ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அதற்கப்புறம் எவர் முகத்தில் சிரிப்பு வரும்?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். லீவு கொடுக்க முடியாவிட்டால் ஏன் என்றாவது சொல்லுங்கள். அன்றைக்கு மனசு சரியில்லாதவரைப் பில், பேக்கிங் பக்கம் விடாமல் ஸ்டாக் அடுக்கும் வேலைக்கு மாற்றுங்கள். முதலில் உட்காரவிடுங்கள். இது இனி உங்கள் தயவும் இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தமே வந்துவிட்டது. கேரளத்தில் 2018-இலேயே வந்தது.

போன மாதம் மகளுக்குப் பாவாடை எடுக்க அதே தெருவில் வேறொரு கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன்மேல் புடவைப் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தக் கவுண்டர்ப் பெண் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.