பீம் திரும்பவில்லையாம், பூஸ்டர் வேண்டுமாம்!

கேள்வி: எதிரிலேயே 5ஜி டவர். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கின்றன. உள் அறையில் வேகம் மட்டும் இல்லை. டவரின் பீம் எங்கள் பக்கம் திரும்பவில்லை, பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வைத்தால் சரியாகும் என்கிறார் அதை விற்பவர் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பீமை அவர் டார்ச் லைட் என்று நினைக்கிறார். அல்லது நீங்கள் அப்படி நினைத்தால் அவருக்கு நல்லது.

டவரில் தொங்கும் தட்டைப் பெட்டிக்குள் பல இடங்களில் 64 ரேடியோக்களும், அவற்றோடு இணைந்த 192 சிறு ஆன்டெனாக்களும் இருக்கும். எதுவும் அசையாது. உங்கள் போன் அடிக்கடி அனுப்பும் அடையாள சிக்னல் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். அந்த வித்தியாசத்தை அளந்து, அதற்கேற்ப முன்பின்னாக அலைகளை அனுப்பினால், அவை உங்கள் போன் இருக்கும் இடத்தில் கைகோத்து வலுக்கும். அதுதான் பீம். சுவரில் தெறித்து வந்தாலும் சரிதான்.

கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள். டவர் உரக்கப் பேசும். போனின் சக்தியோ சுமார் 0.2 வாட். அந்த முனகல் சுவரையும் உலோகப் பூச்சுக் கண்ணாடியையும் தாண்டாவிட்டால் டவரின் கணக்கு தப்பும். கோடுகள் காட்டுவது எல்லோருக்கும் பொதுவான சிக்னலை, உங்களுக்கான பீமை அல்ல. எத்தனை கோடு போடுவது என்பதும் அந்தந்த போன் கம்பெனியின் இஷ்டம். இத்தனை ஆண்டாகியும் இதை ஒழுங்குபடுத்த ஒருவருக்கும் நேரமில்லை!

அந்த பூஸ்டர் என்ன செய்யும்? 64 வழியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒற்றை ஆன்டெனாவுக்குள் திணிக்கும். கோடு ஏறும், வேகம் குறையவும் கூடும். தவிர, இந்த 5ஜியில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். மலிவுப் பெட்டி அந்த நேரத்தைப் பிசகினால் அக்கம்பக்கத்தார் சேவையும் கெடும். அனுமதியில்லாமல் வைப்பது பல நாடுகளில் குற்றம். விற்பவர் இதைச் சொல்லவே மாட்டார்.

பூஸ்டருக்கு ஒரு விதிவிலக்கு: நிலவறை. அங்கே ‘சிக்னல் இல்லை’ என்றால் அறவே இல்லை என்று பொருள். 4ஜி அழைப்புகூடப் போகாத நிலை, எந்த மூலையிலும், எந்த நேரத்திலும். ‘மெதுவாக இருக்கிறது’ என்பது இதில் சேராது. அப்போதும் சேவை நிறுவனமே வந்து பொருத்த வேண்டும்.

முதலில் ஜன்னலோரம் வைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கே ஓடினால் சுவர்தான் காரணம்; உள் அறைக்கு வைஃபை போதும். அங்கேயும் மாலையில் வேகம் படுத்து, விடியற்காலையில் ஓடினால் டவரில் கூட்டம். புகார் செய்யுங்கள், போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். அதைச் செய்துவிட்டேன் என்று சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.