ஒன்பது கோல்களுக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கால்பந்துப் பயிற்சியாளர்களின் பதவிநீக்கம் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு பெருந்தோல்வி ஏற்பட்டவுடன் கிளப் நிர்வாகம் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஊதியம் வாங்குகிறவருக்கு அழுத்தமும் வேலையின் ஒரு பகுதிதானே? 2019 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5 என்று தோற்ற மறுநாளே ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணியிலிருந்து பயிற்சியாளர் நிக்கோ கோவாச் விலகினார். உதவிப் பயிற்சியாளராக இருந்த ஹான்சி ஃபிளிக் பொறுப்பேற்று, அதே பருவத்தில் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் என மூன்று கோப்பைகளையும் வென்று காட்டினார். பொறுமை காத்திருந்தால் இது நடந்திருக்குமா? சொந்த மைதானத்தில் ஒன்பது கோல் வாங்கிய அணியின் ரசிகரிடம் போய் நிதானம் பற்றிப் பேச முடியுமா?

அன்புடன்,
சே.

அன்புள்ள சே. அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அப்படியோர் அணி இருந்தது. 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இரவு, கொட்டும் மழையில், சவுதாம்ப்டன் தன் சொந்த மைதானமான செயின்ட் மேரிஸில் லெஸ்டர் சிட்டியிடம் 0-9 என்று தோற்றது. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் வெளியூர் சென்று ஆடிய ஓர் அணி பெற்ற மிகப் பெரிய வெற்றி அதுதான். பத்தாவது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. அந்தக் கோலுக்குச் சற்று முன் நடந்த முரட்டு மோதலை வீடியோவில் பார்த்த பிறகு சவுதாம்ப்டனின் ரயன் பெர்ட்ரண்டுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். இடைவேளைக்குள் ஐந்து கோல்கள் விழுந்திருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியை லெஸ்டரின் ஜேமி வார்டி அடித்தபோது, இருக்கைகளில் பெரும்பகுதி காலியாகிவிட்டிருந்தது.

பயிற்சியாளர் ரால்ஃப் ஹாசன்ஹூட்டல் என்ற ஆஸ்திரியர். பத்து ஆட்டங்களில் எட்டே புள்ளிகளுடன் அணி 18ஆம் இடத்தில், அதாவது கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படும் இடத்தில் இருந்தது. அன்றிரவே அவரை அனுப்பியிருந்தால் யாரும் நிர்வாகத்தைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். நிர்வாகம் அனுப்பவில்லை. வீரர்களும் பயிற்சிக் குழுவினரும் அந்த நாளுக்கான ஊதியத்தைக் கிளப்பின் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பினார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களும் மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில், இரண்டிலும் தோல்வி. அதற்கடுத்து எவர்ட்டனிடம் சொந்த ஊரிலேயே தோல்வி. நிர்வாகத்தின் உறுதி உண்மையில் சோதிக்கப்பட்டது ஒன்பது கோல் வாங்கிய இரவில் அல்ல, இந்த இரண்டு வாரங்களில்தான் என்று நினைக்கிறேன். ஹாசன்ஹூட்டல் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் கொண்ட பின்வரிசையைக் கைவிட்டு நால்வர் பின்வரிசைக்கு மாறினார். நவம்பர் இறுதியில் வாட்ஃபர்டுக்கு எதிராகப் பின்தங்கியிருந்து மீண்டு வென்றார்கள். 2020 ஜனவரி 11 அன்று, பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த அதே லெஸ்டரை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தினார்கள். பருவம் முடிந்தபோது 52 புள்ளிகள், பதினோராம் இடம்.

தொடக்கத்திலேயே ஒருவரை இழந்து, அடுத்தடுத்து கோல்களும் விழுந்துவிட்டால் வீரர்கள் தங்கள் இடத்தில் நிற்பதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனியாளாக ஆட்டத்தை மீட்க முன்னே ஓடுகிறார்கள், பின்னால் வெட்டவெளி உண்டாகிறது. ஐந்தாவது கோலிலிருந்து ஒன்பதாவது கோல் வரை அந்த வெட்டவெளியில் விழுகிறவை. பயிற்சியாளரின் ஒரு வார உழைப்பைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை. அடுத்த வாரம் அவர் சொல்வதை வீரர்கள் காதில் வாங்குகிறார்களா, தவறு எங்கே என்பது அவருக்குப் பிடிபட்டிருக்கிறதா என்பதை வைத்துத்தான் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு நேரெதிராக நடந்ததும் உண்டு. 2022 ஆகஸ்ட் 27 அன்று லிவர்பூலிடம் அதே 0-9 என்று தோற்ற போர்ன்மவுத், மூன்றே நாட்களில் பயிற்சியாளர் ஸ்காட் பார்க்கரை நீக்கியது. அணியை முதல்நிலை லீக்குக்கு ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர். பருவத்தின் நான்காவது ஆட்டம்தான் அது. முதல் ஆட்டத்தில் வென்றுமிருந்தார்கள். பிறகு வரிசையாகத் தோற்றது மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல், லிவர்பூல் ஆகிய அணிகளிடம். இந்த மட்டத்தில் ஆடப் போதிய வீரர்கள் இல்லை என்று பார்க்கர் வெளிப்படையாகப் பேசியிருந்தார், நீக்க அறிவிப்பில் உரிமையாளரும் ஒத்த கருத்து, மரியாதை ஆகியவற்றையே வலியுறுத்தினார். பிணக்கு ஏற்கெனவே இருந்தது, ஒன்பது கோல் அதற்கு ஒரு சாக்காயிற்று என்றே அதை நான் வாசிக்கிறேன். அடுத்து வந்த கேரி ஓ'நீல் அணியை 15ஆம் இடத்தில் நிறுத்திக் காப்பாற்றினார் என்பது உண்மை. அவரையும் 2023 ஜூனில் நீக்கினார்கள் என்பதும் உண்மை.

ஃபிளிக்கின் சாதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் ஆட்டத்திலும் ஒன்பதாவது நிமிடத்திலேயே பயர்னின் ஜெரோம் போவாட்டெங் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். கோவாச்சுக்கும் அணியின் முக்கிய வீரர்களுக்கும் இடையிலான உறவு அதற்கு முன்பே நைந்திருந்தது. அந்த விலகலுக்கு அதுவே போதுமான காரணம். தவிர, புதியவர் வந்ததும் அணி எழுந்துவிடுகிறது என்ற நம்பிக்கையையும் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை ஆராய்ந்தபோது, பயிற்சியாளரை மாற்றிய அணிகள் சரிவிலிருந்து மீண்டது போலவே, அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளும் மீண்டிருப்பதைக் கண்டார். மோசமான கட்டத்தில் மாற்றம் செய்வதால், தானாகவே வரவிருந்த மீட்சி புதியவரின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஊதியத்துக்கு வருகிறேன். விமர்சனமும் பதவி இழப்பும் அந்தப் பணத்தில் அடக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தினர் மீது வீசப்படும் வசையும் அதில் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பயிற்சியாளரோடு சேர்ந்து வேலை இழக்கிற உதவிப் பயிற்சியாளர்களுக்கு அந்தக் கோடிகளும் கிடையாது.

பயிற்சியாளரை ஒருபோதும் நீக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். 2021 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் ஹாசன்ஹூட்டலின் அணி மீண்டும் 0-9 என்று தோற்றது. இரண்டாவது நிமிடத்திலேயே அவர் அணியின் ஒரு வீரருக்குச் சிவப்பு அட்டை. அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள், அது சரியென்றே கருதுகிறேன். ஆனால் 2021-22 பருவத்தின் கடைசி 12 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 9 தோல்வி. அவற்றில் பெரும்பாலானவை 1-2, 0-2 போன்ற, தலைப்புச் செய்தியாகாத தோல்விகள். அணி அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்ததை அவைதான் காட்டின. 2022 நவம்பரில், நியூகாசிலிடம் 1-4 என்று தோற்ற மறுநாள் அவரை நீக்கினார்கள். அந்த முடிவை அதற்கு முந்தைய கோடையிலேயே எடுத்திருந்தால் அடுத்து வந்தவருக்குப் பருவத்துக்கு முந்தைய ஒரு முழுப் பயிற்சிக் காலம் கிடைத்திருக்கும். அது கிடைக்காமல் இடையில் பொறுப்பேற்ற நாதன் ஜோன்ஸ் மூன்று மாதங்களில் நீக்கப்பட்டார், சவுதாம்ப்டன் கடைசி இடத்தில் முடித்துக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது.