‘நன்று’ என்ற மதிப்பீடு உங்கள் மகனின் வீட்டைப் பற்றியதா?

கேள்வி: எங்கள் மகனுக்கு வயது 24. கற்றல் குறைபாடும் வலிப்பு நோயும் உண்டு. பேச்சு மிகக் குறைவு. வலிப்பு வருவதற்குச் சற்று முன்பு இடது காதைத் தேய்ப்பான். அதை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகளும் அவனைக் காத்து வந்திருக்கிறேன். என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த பிறகு எங்களால் முன்போல் முடியவில்லை. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் சமூகப் பணியாளர், மூன்று பேர் வசிக்கும் ‘சப்போர்ட்டட் லிவிங்’ வீடு ஒன்றைக் காட்டினார். அங்கே பராமரிப்புத் தரும் நிறுவனத்துக்கு, இங்கிலாந்தில் பராமரிப்புச் சேவைகளை ஆய்வு செய்யும் கேர் குவாலிட்டி கமிஷன் 2019இல் ‘நன்று’ என்ற மதிப்பீட்டைக் கொடுத்திருக்கிறது. அதை நம்பி அனுப்பலாமா? நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா? அதிகம் கேள்வி கேட்டால் பணியாளர்கள் அந்தக் கோபத்தை மகன்மேல் காட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மதிப்பீட்டை நீங்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அது எதைப் பற்றிய மதிப்பீடு என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், ஏனென்றால் அது நீங்கள் பார்த்துவிட்டு வந்த அந்த வீட்டைப் பற்றியதாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பராமரிப்பு இல்லத்தில் இருப்பிடமும் பராமரிப்பும் ஒரே கையில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். சப்போர்ட்டட் லிவிங் அப்படியல்ல. உங்கள் மகன் அங்கே வாடகைதாரர். அவருக்கென்று ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கும். வீட்டு உரிமையாளர் ஒருவர், பராமரிப்புப் பணியாளர்களை அனுப்பும் நிறுவனம் வேறொன்று. கமிஷன் வீட்டைப் பதிவு செய்வதில்லை. குளிப்பாட்டுதல், உடுத்துதல், உணவூட்டுதல் போன்ற உடல்சார்ந்த பராமரிப்பை அந்த நிறுவனம் எப்படித் தருகிறது என்பதை மட்டுமே அது மேற்பார்வையிடுகிறது. பதிவாகியிருக்கும் இடம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் அலுவலகம். ஓர் அலுவலகத்தின்கீழ் பல வீடுகள் இருக்கலாம். ஆய்வின்போது அவற்றுள் சிலவற்றுக்கு மட்டுமே செல்வார்கள். அதுவும் அது ஒருவரின் சொந்த வீடு என்பதால், அங்கே வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் ஆய்வாளர் வாசற்படி தாண்ட முடியாது. அந்தச் சட்டம் சரியானது என்றே நான் நினைக்கிறேன், நம் வீட்டுக்குள் யாரும் நினைத்தபோது நுழைவதை நாமும் ஏற்கமாட்டோம். ஆனால் அதன் விளைவாக, வெளியார் கண்ணே படாத வீடுகளும் ‘நன்று’ என்ற அதே சொல்லின் நிழலில் இருக்க நேர்கிறது.

அடுத்தது, அந்த மதிப்பீட்டின் வயது. அது 2019இல் வந்தது, கமிஷனின் ஆய்வுகளோ பின்தங்கியிருந்தன. கமிஷனின் செயல்பாடு குறித்து அரசு கேட்டுப் பெற்ற, பென்னி டேஷ் தலைமையிலான 2024ஆம் ஆண்டின் மறுஆய்வு, கமிஷனுக்கு ஆய்வு அதிகாரமுள்ள இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருமுறைகூட மதிப்பிடப்படவில்லை என்று சொன்னது. இத்தனை ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் மேலாளர் மாறியிருக்கலாம், பணியாளர்கள் பாதிப்பேர் போயிருக்கலாம். புதிய மதிப்பீடாக இருந்தாலும் அதுவே போதும் என்று இருந்துவிட முடியாது. டர்ஹம் கவுண்டியிலிருந்த வோர்ல்டன் ஹால் என்ற தனியார் மருத்துவமனைக்கு 2017இல் கமிஷன் ‘நன்று’ என்றே மதிப்பீடு தந்தது. 2019 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ரகசியக் கேமரா காட்டியது, அங்கிருந்த கற்றல் குறைபாடுள்ளவர்கள் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளான காட்சிகளை. அது மருத்துவமனை, உங்கள் மகன் போகவிருப்பது வீடு. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஓரிரு நாள் வந்து போகிறவர்களின் கண்ணுக்கு எதெல்லாம் தப்பிவிடும் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

ஆகவே ‘நன்று’ என்ற சொல்லோடு நிற்காமல், கமிஷனின் தளத்திலுள்ள முழு அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள். அந்த வீடுகளில் வசிப்பவர்கள் எத்தனை பேரிடம் பேசினார்கள், எத்தனை வீடுகளுக்குப் போனார்கள், குடும்பத்தினர் என்ன சொன்னார்கள், பேச்சில்லாதவர்களோடு நேரம் செலவிட்டுக் கவனித்தார்களா என்று பாருங்கள். ‘எக்ஸ்பர்ட் பை எக்ஸ்பீரியன்ஸ்’ என்று கமிஷன் அழைக்கும் ஒருவர், அதாவது தானே பராமரிப்புப் பெற்றவர் அல்லது தன் உறவினருக்காகப் பெற்றவர், அந்த ஆய்வில் பங்கெடுத்தாரா என்பதையும் பாருங்கள். மேலாளரின் கோப்புகளை மட்டுமே நம்பி எழுதிய அறிக்கை வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அதில் மனிதர்களைவிடக் கொள்கை ஆவணங்களே அதிகம் வரும்.

நீங்களே சோதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், உங்களைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை. என் தம்பியும் இப்படி ஒரு வீட்டில்தான் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறார். முதல் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு முன்னறிவிப்பின்றிப் போனேன். அவர் கூடத்தில் குளிர்கோட்டைப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலை பதினொரு மணிக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று பணிக்கு வர வேண்டிய ஒருவர் வரவில்லை. கோட்டைக் கழற்றச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. மேசையில் அன்றைய குறிப்பேடு திறந்திருந்தது. அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது: “பூங்காவுக்குச் சென்றார். மகிழ்ச்சியாக இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார்.” அந்த நிறுவனத்துக்கும் அப்போது ‘நன்று’ என்ற மதிப்பீடுதான் இருந்தது.

அன்றிலிருந்து நான் குறிப்பேட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். எல்லா நாளும் ஒரே வாக்கியமாக இருந்தால், எழுதியவர் அந்த மனிதரைப் பார்க்கவில்லை என்று பொருள். “இன்று இரண்டு முறை தட்டைத் தள்ளிவிட்டார், பிறகு வாழைப்பழம் சாப்பிட்டார், மலம் கழித்து மூன்று நாளாகிறது, மருத்துவரிடம் பேசினோம்” என்று எழுதியிருக்கும் குறிப்பேடு நல்ல வீட்டின் குறிப்பேடு. மலச்சிக்கலைக் குறிப்பிடக் கூச்சப்பட வேண்டாம். கற்றல் குறைபாடுள்ளவர்களுக்கு அது உயிரையே பறித்திருக்கிறது, வலியைச் சொல்லத் தெரியாததாலும், அவர்களின் துடிப்பை மற்றவர்கள் ‘குணக்கேடு’ என்று எடுத்துக்கொண்டதாலும். அதேபோல மருந்துப் பட்டியலையும் பாருங்கள். கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர்வரை, தக்க மருத்துவக் காரணம் இல்லாமலேயே மனநல மருந்துகளை அன்றாடம் உட்கொள்கிறார்கள் என்று 2015இல் அப்போதைய அரசுப் பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து மதிப்பிட்டது. அதைக் குறைக்கவே 2016இல் ‘ஸ்டாம்ப்’ என்ற இயக்கம் தொடங்கியது. புதிதாக ஒரு மருந்து சேர்ந்திருந்தால் ஏன், யார் எழுதியது, எப்போது மறுபரிசீலனை என்று கேளுங்கள். 14 வயது முதல் அவருக்கு உரிமையுள்ள ஆண்டுச் சுகாதாரப் பரிசோதனைக்குக் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் அழைத்துச் செல்வது யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை வேறு எதையும்விட முன்னால் நிற்பது வலிப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். நடத்திய ஒரு சிகிச்சைப் பிரிவில், வலிப்பு நோயுள்ள 18 வயது கானர் ஸ்பாரோஹாக், 2013இல் யாரும் உடனில்லாமல் குளியல்தொட்டியில் இறந்துபோனார். அலட்சியம் அந்த மரணத்துக்குக் காரணமாக அமைந்தது என்று 2015இல் மரண விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது. இதை ஒரு தாய்க்கு எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் நீங்கள் அந்த வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே வருகிறது: அவர் குளிக்கும்போது பணியாளர் எங்கே நிற்பார்? குளியல்தொட்டியா, ஷவரா? கதவு எப்படி இருக்கும்? இரண்டாவது, இரவு. இரவுப் பணியாளர் விழித்திருப்பவரா, அங்கேயே தூங்குபவரா? இரண்டுக்கும் ஆகும் செலவு வேறு என்பதால் கவுன்சில் தூங்குபவரை முன்மொழியக்கூடும். உங்கள் மகனுக்கு இரவில் வலிப்பு வருவதுண்டு என்றால், நரம்பியல் மருத்துவரிடமோ வலிப்பு நோய்ச் செவிலியரிடமோ கடிதம் வாங்கிக்கொண்டு பேசுங்கள். மூன்றாவது, கன்னத்தினுள் விடும் மிடாசோலம் போன்ற அவசர மருந்து அவருக்கு எழுதப்பட்டிருந்தால், அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு பணிநேரத்திலும் இருப்பாரா, தற்காலிகப் பணியாளர்கள் மட்டும் வரும் வார இறுதியிலும் இருப்பாரா என்பது. “எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள்” என்று மேலாளர் சொல்வார். பணிநேரப் பட்டியலில் கடந்த மாதத்து ஒரு சனிக்கிழமை இரவைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கைகளையும் கதவுகளையும் கவனியுங்கள். பணியாளர் ஒருவரின் அறைக்குள் நுழையும்முன் தட்டுகிறாரா? தேநீரை அவர்களுக்காகப் போடுகிறாரா, அவர்களோடு சேர்ந்து போடுகிறாரா? சமையலறை அலமாரியில் பூட்டு தொங்கினால், அது யாருக்காக, எப்போது முடிவானது என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் மென்டல் கெப்பாசிட்டி சட்டப்படி, ஒருவருக்கு அந்தக் குறிப்பிட்ட முடிவை எடுக்கும் திறன் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், அவருடைய நலனுக்காக, மிகக் குறைந்த கட்டுப்பாட்டோடு முடிவெடுத்து அதைப் பதிவு செய்ய வேண்டும். எப்போதும் கண்காணிப்பில் வைத்து, வெளியே போக விடாத அளவுக்குக் கட்டுப்பாடு நீளுமானால், சப்போர்ட்டட் லிவிங்கில் அதற்கு, முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களுக்கான நீதிமன்றமான கோர்ட் ஆஃப் ப்ரொடெக்ஷனின் அனுமதி தேவை. வாடகை ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒன்று கேட்டுவிடுங்கள்: பராமரிப்பு நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால் அவர் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கலாமா? தெளிவான பதில் வராவிட்டால், சப்போர்ட்டட் லிவிங் என்ற பெயரில் ஒரு பராமரிப்பு இல்லத்தையே உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். நானும் அதோடு வாழ்ந்தவன். ஆனால் குடும்பம் அடிக்கடி வந்துபோகும் ஒருவரிடம் அலட்சியமாக நடந்துகொள்ளப் பலரும் தயங்குவார்கள். யாரும் வராதவரே அதிக ஆபத்தில் இருக்கிறார். கோபமாகக் கேட்க வேண்டாம், விடாமல் கேளுங்கள். நல்லது நடந்தால் அந்தப் பணியாளரின் பெயரைச் சொல்லி மேலாளருக்கு எழுதுங்கள். அந்த வேலையின் சுமை பெரிது, நன்றி சொல்வோர் குறைவு. குறையென்றால் தேதி, நேரம், பார்த்தது என்ன என்று எழுத்தில் அனுப்பி, ஒரு பிரதியை கவுன்சிலின் சமூகப் பணியாளருக்கும் அனுப்புங்கள். காயமோ, புறக்கணிப்போ, பணம் காணாமல்போவதோ என்று வந்தால் காத்திருக்க வேண்டாம். கவுன்சிலின் சேஃப்கார்டிங் (பாதுகாப்பு) குழுவை அன்றே அழையுங்கள். 2014ஆம் ஆண்டின் கேர் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அதை விசாரிக்கும் கடமையைக் கவுன்சிலுக்குத் தருகிறது. கமிஷன் தனிப்பட்ட புகார்களைத் தீர்த்துவைக்காது. ஆனாலும் அவர்களுக்கு எழுதுங்கள், அடுத்த ஆய்வு எப்போது, எங்கே என்பதை இத்தகைய கடிதங்களே பல நேரம் முடிவுசெய்கின்றன. நிறுவனமும் கவுன்சிலும் தந்த பதிலில் நிறைவில்லை என்றால், அத்தகைய புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். பொதுவாக, விஷயம் தெரிந்த 12 மாதங்களுக்குள் அவரிடம் போக வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இடது காதைத் தேய்ப்பதைப் பற்றி எனக்கு எழுதியதைப் போலவே, உங்கள் மகனின் உடல்மொழி முழுவதையும் இரண்டு பக்கத்தில் எழுதி, அவர் குடிபோகும்முன் அந்த வீட்டில் கொடுங்கள். காதைத் தேய்ப்பதை முதல் வரியாக வையுங்கள். அவர் போய் மூன்று வாரம் ஆனதும், மேலாளர் இல்லாத ஒரு மாலையில் போங்கள். அன்று பணியில் இருக்கும் புதிய பணியாளரிடம், அவர் காதைத் தேய்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.