அட்டாலி கேசட்டில் ஒரு பாட்டு வீடியோ: வாசகர் கேள்வி, எடிட்டர் பதில்

விஸ்காம் மாணவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பழைய காட்சிகளை வைத்துப் பாட்டு வீடியோ தொகுப்பது பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

எங்க ஊட்டு அட்டாலியில (பரண்ல) தொண்ணூறுகள்ல எடுத்த கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி கேசட்டெல்லாம் கெடக்குதுங்க. நண்பர்களோட நாலு நிமிசப் பாட்டுக்கு அதை வெச்சே வீடியோ பண்ணோணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?
(மாணவர், பெருந்துறை)

டார்ச் விளக்கிலிருந்து. கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ, நூல் போன்ற படர்வோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை விசிஆரில் (கேசட்டை ஓட்டும் கருவி) போடவே கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். சுத்தமாக இருப்பதை முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன்பிறகு ப்ளே செய்யுங்கள். பல வருடம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுருள் அப்படித்தான் இளகும்.

விசிஆர் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, பிசிறில்லாத மெல்லிய தோல் துணியால் துடைக்கலாம். துணியை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட் பொருந்திய உருளையான டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அதன் இழை ஹெட்டில் சிக்கும்.

கணினிக்கு ஏற்றும்போது மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள்: பால் (PAL, நம்மூர் டிவி முறை), 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம். விலை குறைந்த யுஎஸ்பி கேப்சர் கருவிகள் பல, என்டிஎஸ்சியிலோ (அமெரிக்க டிவி முறை) 640க்கு 480லோ தொடங்கும். என்டிஎஸ்சியில் நம்மூர் டேப் கருப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். அதாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 640க்கு 480தான் ஆபத்து: படம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் படத்தை உருவாக்கும் கிடைக்கோடுகள் கலந்து போயிருக்கும், பிறகு பிரிக்க முடியாது. படத்தின் ஓரம் நெளிந்தால், விசிஆருக்கும் கணினிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். சில மாடல்கள் அந்த நெளிவை நேராக்கித் தரும்.

மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. டிவி (DV) என்ற டிஜிட்டல் வடிவத்தில் மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஏறும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பு எழுதுங்கள். 'கல்யாணம், சாப்பாடு' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எந்த நிமிடம் எந்த நொடி, அசைவு எந்தப் பக்கம் போகிறது, ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார், வெளிச்சம் எப்படி என்று எழுத வேண்டும். 'இணைச்சீர், பாட்டி கை மட்டும், இடமிருந்து வலம், வீடியோ லைட்டில் படம் வெளுத்தது' என்ற ஒரு வரி (இணைச்சீர் கொங்குக் கல்யாணச் சடங்கு) எடிட்டிங்கின்போது ஒரு மணி நேரத்தை மிச்சமாக்கும். நாலு நிமிடப் பாட்டுக்கு ஐந்து நொடிக்கொரு வெட்டு என்றால் 48 துண்டு. அதைப்போல் மூன்று மடங்கு எடுத்து வைத்த பிறகு எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனைத் திறங்கள்.

கும்மி ஆடுகிறவர்களின் கையைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. டேப் கெட்டுப்போய்விட்டதா?
(மாணவி, கோவை)

டேப் நன்றாகவே இருக்கிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்று சொன்னாலும், வீடியோ கேமரா பதிந்தது 50 அரைப்படங்களை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்தில், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த கணத்தில். டிவி அவற்றை மாற்றி மாற்றிக் காட்டியது. கணினி இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதால், நடுவில் நகர்ந்த கை பல்லாக விரிகிறது.

இதைப் பிரிப்பதுதான் டீஇன்டர்லேஸ். அளவு மாற்றுவதற்கும் நிறம் திருத்துவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. பெரிதாக்கிவிட்டால் பல்லும் சேர்ந்து பெரிதாகி படத்திலேயே பதிந்துவிடும். இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில் 'பாப்' (Bob) தேர்ந்தெடுத்து, ஃப்ரேம் ரேட்டை 50, மாறாதது என்று வையுங்கள். ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழு ஃப்ரேமாகிவிடும். சாதாரண முறையில் 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. 50 ஃப்ரேம் துண்டை 25 ஃப்ரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் ஓட்டினால் கிடைப்பது உண்மையான ஸ்லோமோஷன். மென்பொருள் கற்பனையில் வரைந்த ஒரு ஃப்ரேம்கூட அதில் இருக்காது. பெருஞ்சலங்கை ஆட்டத்தில் கால் தரையை விட்டு எழும்பும் இடத்தை இப்படிச் செய்து பாருங்கள்.

ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும்போது கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போனால் அரைப்பட வரிசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். மினி டிவி (MiniDV) கேமராவின் டேப்பில் கீழ் அரைப்படம்தான் முதலில் வரும். மற்றக் கேப்சர் கருவிகளில் பெரும்பாலும் மேல் அரைப்படம். அமைப்பை மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

பாட்டு 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி). ஒவ்வொரு அடிக்கும் 16 ஃப்ரேம் என்று அளந்து வெட்டினேன். முதல் சரணம் வரைக்கும் சரி, அப்புறம் நழுவிக்கொண்டே போகிறது. போதாததற்கு, மொத்தமும் மெஷின் வெட்டின மாதிரி இருக்கிறது என்கிறார் எங்கள் சார்.
(மாணவர், கோபி)

60ஐ 96ஆல் வகுத்து 25ஆல் பெருக்கினால் 15.625. நீங்கள் 16 ஆக்கியதால் அடிக்கு 0.375 ஃப்ரேம் கூடுகிறது. 64 அடியில், அதாவது 40 நொடிப் பாட்டில், 24 ஃப்ரேம். கிட்டத்தட்ட ஒரு நொடி! ஆனால் இந்தப் பாட்டு கணக்குக்கு வசதியானது: 8 அடிக்குச் சரியாக 125 ஃப்ரேம், 5 நொடி. முதல் அடியிலிருந்து 5 நொடிக்கொரு மார்க்கர் (அடையாளக்குறி) நட்டு, நடுவில் வருவதைக் காதால் வையுங்கள். கிளிக் (சீராகத் தாளம் தட்டும் ஒலி) இல்லாமல் பறையோ பம்பையோ நேரடியாக வாசித்த பதிவு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. ஓடவிட்டுக் கேட்டுத்தான் மார்க்கர் தட்ட வேண்டும். விரல் எப்போதும் ஓரிரு ஃப்ரேம் பிந்தும், அலைவடிவத்தைப் பெரிதாக்கி முன்னே நகர்த்திவிடுங்கள்.

ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டையும் பாருங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் 24இல் திறக்கும். துண்டுகளை உள்ளே இழுத்த பிறகு மாற்ற விடாது. 25 ஃப்ரேம் டேப்பை 24இல் போட்டால் நொடிக்கு ஒரு ஃப்ரேம் விழுந்து, அசைவு லேசாக உதறும்.

உங்கள் சார் சொன்னது வேறு நோய். அடியில் விழ வேண்டியது வெட்டு இல்லை, அசைவின் உச்சம். உள்ளங்கைகள் சேரும் ஃப்ரேம், குச்சி தோலில் படும் ஃப்ரேம், ஆடு தலையைத் திருப்பி நிற்கும் ஃப்ரேம் என்று ஒவ்வொரு துண்டிலும் ஒன்றைக் குறித்து, அதைப் பாட்டின் மார்க்கரோடு பொருத்துங்கள். துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். வெட்டுகள் அடிக்கு முன்னும் பின்னுமாகச் சிதறி விழுந்தாலும் கண்ணுக்குத் தாளம் கிடைக்கும்.

வள்ளி கும்மிக் காட்சிக்கு ஏற்கெனவே தனித் தாளம் உண்டு. தொடர்ந்து ஒன்பது கைத்தட்டலை எடுத்து, முதலுக்கும் கடைசிக்கும் நடுவே உள்ள ஃப்ரேமை எட்டால் வகுங்கள். 136 ஃப்ரேம் என்றால் தட்டலுக்கு 17. அதை 15.625ஆல் வகுத்தால் 1.088, வேகத்தை 108.8 சதவீதமாக வைத்தால் தட்டல் பாட்டோடு நடக்கும். பத்துப் பன்னிரண்டு சதவீதம் வரை யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் போனால் புடவைக் கொசுவம் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு இழுக்க வேண்டியிருந்தால் பாதி வேகத்துக்குப் போய் இரண்டு அடிக்கு ஒரு தட்டலாக வைப்பது மேல்.

எல்லா அடியிலும் ஏதாவது நடக்க வேண்டும் என்பதும் இல்லை. சந்தையில் காங்கேயம் காளை சும்மா நின்று அசைபோடும் துண்டு இருந்தால், பல்லவி திரும்பும் இடத்தில் பத்து நொடி வெட்டாமல் விடத் துணியுங்கள்.

முகமெல்லாம் குண்டாகத் தெரிகிறது. திரையும் நிறைய வேண்டும்.
(மாணவி, பல்லடம்)

பழைய டிவியின் 4க்கு 3 படத்தை அகலத் திரையின் 16க்கு 9இல் இழுத்திருக்கிறீர்கள். 1080 டைம்லைனில் அது 1440க்கு 1080ஆக நிற்க வேண்டும், இரு பக்கமும் கருப்பு இருக்கட்டும். திரை நிறையப் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு போகும். கல்யாண வீடியோவில் போவது பெரும்பாலும் மணமக்களின் தலை. பக்கத்தில் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பும் வழக்கம் செய்தி சேனலோடு இருக்கட்டும். கீழே துடிக்கும் பட்டை விஎச்எஸ் கேசட் எல்லாவற்றிலும் உண்டு. மூலப்படத்தில் 8 முதல் 12 கோடு வரை நறுக்கினால் போய்விடும்.

கல்யாண வீடியோ யாருக்குச் சொந்தம், எடுத்த ஸ்டூடியோவுக்கா? பழைய சினிமாத் துண்டும் நடுவில் போடலாமா?
(மாணவர், காங்கேயம்)

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டும் மாறும். ஆக, உங்கள் வீட்டுக் கல்யாணம் உங்கள் வீட்டுக்காரர்களுடையது. ஆனால் ஸ்டூடியோக்காரர் அதன்மேல் ஓட்டிய சினிமாப் பாட்டு அவர்களுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அந்த ஒலித்தடத்தை முழுக்க நீக்குங்கள்.

சினிமாவுக்கு, வெளியான வருடம் முடிந்ததிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1960இல் வெளியான படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. அதே படத்தின் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. படத்தை மட்டும் எடுத்து ஒலியை விடுவது இதனால்தான். வகுப்புப் பயிற்சிக்குச் சட்டம் சலுகை தருகிறது, யூடியூபில் ஏற்றுவது அதில் சேராது.

இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்கைவில் பிரெலிங்கர் தொகுப்பில் பழைய அமெரிக்கக் கல்விப் படங்களும் விளம்பரப் படங்களும் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் உரிமைக் குறிப்பையும் தனித்தனியே படியுங்கள். பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'மாற்றம் கூடாது' என்ற வகையைத் தொடவே முடியாது, வெட்டுவதும் மாற்றம்தான்.

சட்டம் சொல்லாத ஒன்றும் உண்டு. பிரிந்துபோன தம்பதி, இறந்துபோன பிள்ளை, பந்தியில் வாய் நிறையச் சோறோடு மாட்டிய பெரியம்மா, இவர்களெல்லாம் அந்தக் கேசட்டில் இருப்பார்கள். முதல் தொகுப்பை வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றதை எடுத்துவிடுங்கள்.

2007 வாக்கில் நோக்கியா போனில் எடுத்த தேர் நோம்பித் துண்டுகளும் இருக்கின்றன. அவற்றில் உதடும் ஒலியும் ஒட்டவில்லை. எல்லாம் ஒரே மாதிரித் தெரிய விஎச்எஸ் எஃபெக்ட் போட்டுவிடலாமா?
(மாணவர், தாராபுரம்)

போன் வீடியோவின் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது, அதனால்தான் ஒலி விலகுகிறது. ஹேண்ட்பிரேக்கில் மாறாத 25க்கு மாற்றிய பிறகு எடிட்டருக்குள் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் மறுபடி சுருக்கிவிடும். 176க்கு 144 அளவுத் துண்டை முழுத்திரையாக்காமல் நடுவில் சிறிதாக வைத்தால் மரியாதையாக இருக்கும்.

எஃபெக்ட் வேண்டாம். அசல் டேப்பின் இரைச்சலுக்குப் பக்கத்தில் போலி இரைச்சல் உடனே தெரிந்துவிடும். இரைச்சலை நீக்கும் கருவியும் அப்படியே, முகங்களை மெழுகாக்கிவிடும். கருப்பின் அளவையும் வெள்ளையின் அளவையும் மட்டும் துண்டுக்குத் துண்டு பொருத்துங்கள், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும்.

ஏற்றும்போது 576 அளவில் ஏற்றினால் யூடியூப் நசுக்கிவிடும். 1080க்குப் பெரிதாக்கியே ஏற்றுங்கள். பாட்டு ஏற்கெனவே வெளியாகியிருந்தால் உங்கள் வீடியோவுக்கே உரிமைக் கோரிக்கை வரலாம். பாட்டை வெளியிட்ட விநியோகஸ்தரிடம் சேனல் முகவரியை முன்கூட்டியே கொடுத்து விலக்கு வாங்கி வையுங்கள்.