கெடு வைத்தால் வேலை முடியுமா? சில கேள்விகளும் பதில்களும்

19 வருஷமாக என் பிழைப்பே அடுத்தவர் வேலைக்குத் தேதி குறிப்பதுதான். திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். குறித்த தேதிகளில் பல பொய்த்தும் போயிருக்கின்றன. பதில்களில் பாதி அதிலிருந்து கற்றதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய ரிப்போர்ட். ஆனால் நாள் முழுக்க நேரம் இருந்தால் நாள் முழுக்க இழுக்கிறது. நான் சோம்பேறியா அக்கா?

பதில்: சோம்பேறி என்றால் நாள் முழுக்க அதையே நோண்டிக்கொண்டு இருக்க மாட்டீர்கள். 1955-இல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ‘எகனாமிஸ்ட்’ இதழில் இதைத்தான் நையாண்டியாக எழுதினார்: கொடுத்த நேரம் நிரம்பும் வரை வேலை பெருகும். வேறு வேலை இல்லாத ஒரு மூதாட்டி ஒரு தபால் அட்டை எழுதுவதை உதாரணம் காட்டினார். அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக்கண்ணாடியைத் தேட ஒரு மணி நேரம், தபால் பெட்டி வரை போகக் குடை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க 20 நிமிடம்.

உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் குடை எது என்று பாருங்கள். என்னுடையது எக்செல் கட்டங்களின் நிறம். வெளிர் நீலமா சாம்பலா என்று அரை மணி நேரம் போயிருக்கிறது.

கெடு வைத்தால் கை வேகமாக ஓடும் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் கை பழைய வேகத்தில்தான் ஓடுகிறது. எதை விடலாம் என்ற முடிவுதான் சீக்கிரம் வருகிறது. மாத ரிப்போர்ட்டுக்கு நான் 90 நிமிடம் வைக்கிறேன். உட்காரும் முன் ஒரு துண்டுச் சீட்டில், ‘இதைப் படிப்பவர் என்ன முடிவெடுக்க வேண்டும்?’ என்று ஒரே வரி எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுவேன். முதல் 60 நிமிடத்தில் அந்த முடிவுக்குத் தேவையான எண்கள் எல்லாம் வந்துவிட வேண்டும். மிச்சம் 30 நிமிடம் சரிபார்க்க. நிறத்துக்கு நேரம் இருந்தால் பார்க்கலாம். பெரும்பாலும் இருக்காது, யாரும் கேட்டதும் இல்லை.

கேள்வி: கெடு வைக்கிறேன். ஒரு நாள்கூட அதற்குள் முடிந்ததில்லை.

பதில்: அப்படியென்றால் கெடு தப்பு, நீங்கள் தப்பில்லை. ஆகப்போகும் நேரத்தைக் குறைத்தே கணிக்கும் இந்தக் கோளாறைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். ‘எல்லாமே மோசமாகப் போனால்?’ என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55-க்கும் மேல். மோசமான கணக்குகூடப் போதவில்லை, பாருங்கள்.

இது மாணவர்களோடு நிற்பதில்லை. சிட்னி ஓபரா ஹவுஸ் 1963-இல் முடியும் என்று சொல்லித் தொடங்கினார்கள், திறந்தது 1973-இல். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட செலவு 10 கோடியைத் தாண்டியது.

காரணம் என்ன? நாம் கணக்குப் போடும்போது மனசுக்குள் வேலை தங்கு தடையில்லாமல் நடக்கிற படம்தான் ஓடுகிறது. போன தடவை என்ன ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘நினைத்தது’, வலப்பக்கம் ‘ஆனது’. ஒரு வரி சொல்கிறேன். காலாண்டு அட்டவணை: நினைத்தது 3 மணி நேரம், ஆனது 5 மணி 10 நிமிடம். பக்கத்திலேயே காரணம்: ‘இரண்டு பேரிடமிருந்து எண் வரவில்லை.’ ஆக, என் வேகத்தில் குறையில்லை, காத்திருந்த நேரத்தைத்தான் கணக்கில் விட்டிருக்கிறேன். அடுத்த காலாண்டில் எண்களை இரண்டு நாள் முன்னதாகவே கேட்டு வாங்கினேன். மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். நீங்கள் சொல்வதை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கு 1.6. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்!

கேள்வி: 25 நிமிட டைமர் முறை எனக்கு ஒத்துவரவில்லை. நான் நிரல் எழுதுபவன். சூடு பிடிக்கும்போது மணி அடித்துவிடுகிறது.

பதில்: அப்போது அணைத்துவிடுங்கள். 1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கிய முறை அது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. அந்த எண் ஒன்றும் வேதவாக்கு இல்லை. தொடங்கவே பிடிக்காத வேலைக்கு 25 நிமிடம் அருமையான அளவு. மூழ்கிச் செய்யும் வேலைக்கு 50 அல்லது 90 வையுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் வேலையை மேனேஜர் இரண்டு நாளில் கேட்கிறார். கேட்டால் “கெடு இருந்தால்தான் வேலை நடக்கும்” என்கிறார். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வந்தது நல்லதாகப் போயிற்று.

நேரத்தை இறுக்கினால் வேலையின் அளவைத் தளர்த்த வேண்டும். உங்கள் மேனேஜரோ, நேரம் மட்டும் குறைய வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே வேண்டும் என்கிறார். அதற்குப் பெயர் திட்டம் இல்லை, ஆசை. வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும், மென்பொருள் குழுக்களின் ஸ்க்ரம் முறையிலும் நேரக் கட்டுப்பாடு கறாரானதுதான்: ஒரு சுற்று ஒரு மாதத்தைத் தாண்டாது, தினசரிக் கூட்டம் 15 நிமிடம். ஆனால் அந்தச் சுற்றுக்குள் எவ்வளவு வேலை என்பதை, செய்கிறவர்கள்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘இன்னும் இரண்டு ஆள் தருகிறேன்’ என்று அவர் சொன்னாலும் உஷார். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சொன்னார்: தாமதமான மென்பொருள் வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யார் போவது? வேலை தெரிந்தவர்தானே.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் இப்படித்தான் இரண்டு ராத்திரி விழித்து, கேட்ட தேதியில் கொடுத்தோம். கைதட்டினார்கள். அப்புறம் அதில் இருந்த பிழைகளைத் திருத்த மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

முடியாது என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். “சார், வெள்ளிக்கிழமைக்குள் முதல் இரண்டு பகுதி சோதித்துத் தருகிறேன். மூன்றாவது அடுத்த புதன். மூன்றாவதுதான் அவசரம் என்றால் அதை முதலில் எடுக்கிறேன், எது வேண்டும்?” என்று கேளுங்கள். தேர்வு அவர் கையில் போய்விடும். எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: மீட்டிங்கே பாதி நாளைத் தின்கிறது.

பதில்: ஒரு மணி நேரம் என்று போடும் வழக்கத்தை விட்டு 25 நிமிடம் போடுங்கள். நேரம் ஆனதும், பேச்சு முடியாவிட்டாலும் எழுந்துவிடுங்கள். முதல் இரண்டு தடவை முறைப்பார்கள்.

கேள்வி: காலையில் மணி வாரியாகத் திட்டம் போடுகிறேன். 10:30-க்கெல்லாம் கவிழ்ந்துவிடுகிறது. ஏதாவது ஒரு அழைப்பு, ஒரு அவசரம். திரும்பி வந்தால் விட்ட இடமே நினைவில்லை.

பதில்: இதில் இரண்டு சிக்கல். முதலாவது, எட்டு மணி நேரத்தையும் நிரப்புகிறீர்கள். ஐந்தை மட்டும் நிரப்புங்கள். மற்ற மூன்று மணி நேரம் வரப்போகிற அவசரத்துக்கு. அது என்ன அவசரம் என்று தெரியாதே தவிர, வரும் என்று தெரியும்தானே?

இரண்டாவது, பாதியில் எழுவது. ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆராய்ந்து காட்டினார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அழைப்பை எடுக்கும் முன் பத்து நொடியில் ஒரு வரி கிறுக்கிவிடுங்கள். ‘14-வது வரிசை வரை சரி, அடுத்து, கூட்டுத்தொகை ஏன் இடிக்கிறது?’ இவ்வளவு போதும். ‘தொடர வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை, திரும்பி வரும்போது கண் எங்கே போக வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு நானே வைக்கும் கெடுவை நானே மதிப்பதில்லையே?

பதில்: நானும்தான். அதனால் ஒவ்வொரு கெடுவிலும் இன்னொருவரை இழுத்துவிடுகிறேன். ‘3 மணிக்கு வரைவு அனுப்புகிறேன், 3:15-க்குப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டால், 2:40-க்கு எனக்கே பயம் வந்துவிடும்.

கேள்வி: சீக்கிரம் முடித்தால் இன்னும் வேலை தலையில் கட்டுவார்களே அக்கா? பேசாமல் மெதுவாகவே செய்தால் என்ன?

பதில்: கட்டுவார்கள், பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் யாரிடமும் சொல்ல வேண்டாம். மிச்சமாகும் நேரத்தில் நாளைய வேலைக்குத் தேவையானதை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள், நேரத்துக்குக் கிளம்புங்கள். அப்புறம் அந்த ‘நினைத்தது, ஆனது’ நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். அடுத்த வேலைக்கு ‘எத்தனை நாள் ஆகும்?’ என்று அவர் கேட்கும்போது வலப்பக்கத்தைக் காட்டிப் பேசலாம். என் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இந்த நோட்டு எங்கே கிடைக்கும்?”