கேள்வி பதில்: வேலிக்கு இந்தப் பக்கமும் யானை

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி யானைக் கடிதம்தான். வெள்ளாமை வெட்டு நெருங்குகிற நேரத்தில் வேறு என்ன வரும்?

வனஜீவராசிகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது, பூங்கா என்று இவ்வளவு காடும் இருக்கிறது. எல்லா யானையையும் பிடித்து உள்ளே விட்டுச் சுற்றவர மின்சார வேலி அடித்தால் கதை முடிந்ததுதானே ஐயா? ஏன் செய்கிறார்கள் இல்லை?
— வாசகர், வெல்லாவெளி

செய்து பார்த்தார்கள், கதை முடியவில்லை.

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். யானை நடமாடுகிற இடத்தை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 60 வீதம் வருகிறது, அதிலும் பத்தில் ஏழு பங்கு சனமும் குடியிருக்கிற இடம். அதாவது யானை பூங்காவிலிருந்து தப்பி வந்து நம் வயலில் நிற்கிறது என்று நாம் நினைப்பதே பிழை, பெரும்பாலானவை பிறந்து வளர்ந்ததே வெளியில்தான். பெரிய மரங்கள் நிற்கிற அடர்காட்டில் யானைக்குத் தீன் குறைவு. அதற்கு வேண்டியது குளக்கரைப் புல், பற்றைக்காடு, காடு வெட்டிப் பயிர் செய்து கைவிட்ட சேனை. எல்லாவற்றையும் துரத்திக்கொண்டுபோய் உள்ளே அடைத்தால் பட்டினிதான் கிடக்கும்.

லொறியில் ஏற்றித் தூரக் காட்டில் விட்டதும் நடந்தது. கழுத்துப் பட்டி போட்டுப் பின்தொடர்ந்து பார்த்தபோது பல யானைகள் பூங்காவில் நிற்கவேயில்லை. சில பழைய இடத்துக்கே திரும்பி நடந்தன, சில வழியில் இன்னொரு ஊரைப் பிடித்துக்கொண்டன. எங்கள் தலைவலி இன்னொருவன் தலைக்குப் போனதுதான் மிச்சம்.

அப்புறம் வேலி. பல இடங்களில் வேலியை அடித்தது வனஜீவராசிகள் திணைக்களத்தின் காணி முடிந்து வன இலாகாவின் காணி தொடங்குகிற கோட்டில். அந்தக் கோடு கந்தோர் வரைபடத்தில் இருக்கிறது, யானைக்கு அது தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு, இரண்டிலும் யானை!

உன்னிச்சைப் பக்கம் என் மாமாவுக்கு ஒரு துண்டு வயல் இருக்கிறது. போன வருஷம் ஒரு விடிய அவரோடு வேலியோரம் நடந்து போனேன். சுளகு அளவில் காலடி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி நின்றது. கம்பி ஒன்றுகூட அறவில்லை. கட்டையை மட்டும் உள்ளங்காலால் தள்ளிச் சாய்த்துவிட்டு, விழுந்த கம்பியைத் தாண்டி வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மாரிப் புல் முழங்காலுக்கு வளர்ந்து கீழ்க்கம்பியில் படுத்துக் கிடந்தது. ஈரப்புல் தொட்டால் மின் நிலத்துக்குள் இறங்கிவிடும், அதற்குப் பிறகு அது வெறும் கம்பி. மாமா கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினார். "இது ஆர்ர வேலை?" என்று கேட்டேன். "வேலி அடிச்சவனுக்குத் தூரம், எனக்குக் கிட்ட" என்றார்.

2020 இல் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தந்த தேசியத் திட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்: வேலி காட்டைச் சுற்றி வேண்டாம், ஊரையும் வயலையும் சுற்றி அடியுங்கள். ஊர்வேலி வருஷம் முழுக்க நிற்கும். வயல்வேலி விதைப்பிலிருந்து வெட்டு வரைக்கும்தான், பிறகு கழற்றிவிட்டால் வெட்டின நெல்தாளை யானை வந்து தின்றுவிட்டுப் போகட்டும். பராமரிப்பு ஊராரின் கையில். எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் கிடக்கிற படுவான்கரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயல் சொந்தக்காரரான போடியார் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பார், வயல் வாடியில் படுப்பவர் வேலையைப் பார்க்கிற முல்லைக்காரர். புல் வெட்டுகிற கூலியை ஆர் கொடுப்பது என்று வயல்வட்டைக் கூட்டத்தில் முதலே பேசித் தீர்க்காவிட்டால் இந்த வேலியும் ஒரு மாரிக்குத் தாங்காது.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொழுவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யானை வேலியில் ஓடுவது விட்டுவிட்டு வருகிற சின்னத் துடிப்பு, வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் சுண்டிவிடும், கொல்லாது. வீட்டுக் கரண்ட் அப்படியில்லை. யானையும் சாகும், விடியப்புறம் மாடு தேடிப் போகிற உங்கள் அயலவரும் சாவார்.

யானை வீட்டுச் சுவரை உடைத்து நெல் மூட்டையையும் தின்றுவிட்டது. வயலிலும் சேதம். யாரிடம் போவது?
— வாசகி, கரடியனாறு

இரண்டுக்கும் இரண்டு வாசல். உயிரிழப்பு, காயம், வீட்டுச் சேதம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். வயலில் நின்ற பயிர் என்றால் கமக் காப்புறுதிச் சபை. பலர் பயிர்ச் சேதத்தோடு வனஜீவராசிகள் கந்தோரில் போய் நின்றுவிட்டுக் கோபத்தோடு திரும்புகிறார்கள். உடைந்த சுவரைத் திருத்த முதல் படம் எடுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், கிராம சேவகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யானை இன்னும் ஊருக்குள் நிற்கிறது என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சரணாலயத்துக்குள் எங்கள் காணி வருகிறதாம். இனி அது எங்களுடையது இல்லையா?
— வாசகர், பொத்துவில்

பயப்படாதீர்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் படிப்படியாகப் பல வகை இருக்கிறது. கடும் இயற்கை ஒதுக்கம் என்றால் அனுமதி பெற்ற ஆய்வாளர் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது. தேசிய பூங்கா முழுக்க அரச காணி, அனுமதிச் சீட்டு எடுத்துப் பார்க்கப் போகலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், உங்கள் காணி உறுதி உறுதிதான், ஆனால் அங்கே வேட்டைக்கு இடமில்லை. இவற்றைப் பார்ப்பது 1949 இல் தொடங்கிய வனஜீவராசிகள் திணைக்களம். விறகு, மரம், ஒதுக்கக் காடு என்று வந்தால் பெரும்பாலும் அது வன இலாகா, அதற்குச் சட்டம் வேறு. உங்களிடம் வந்து பேசியவர் எந்தத் திணைக்களம் என்று முதலில் கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கதிர்காமப் பாத யாத்திரைக்கு உகந்தையில் ஏன் குறித்த நாட்களில் மட்டும் காட்டுப்பாதையைத் திறக்கிறார்கள்? எங்கள் பாட்டன் காலத்தில் கேட்டா போனார்கள்?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பாட்டன் காலத்தில் இத்தனை ஆயிரம் பேர் போகவில்லை, பொலித்தீன் பையும் கொண்டுபோகவில்லை. உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு நீங்கள் நடக்கிற வழி குமண பூங்காவையும் யால பூங்காவையும் கடந்து போகிறது. ஆனி, ஆடி வரட்சியில் நீங்கள் தண்ணீருக்கு இறங்குகிற அதே ஆற்றங்கரைக்குக் கரடியும் யானையும் வரும். எல்லாரும் ஒரே காலத்தில் போனால்தான் காவலும் வைத்தியமும் குடிதண்ணீரும் கொடுக்கலாம். யுத்தத்தால் 1985 இலிருந்து 2003 வரை குமண பூங்கா மூடியே கிடந்தது, அதை நினைத்தால் இப்போது படலை திறக்கிறதே எனக்குப் பெரிய விஷயம். சோற்றுப் பார்சல் கடதாசியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், முருகன் கோபிக்கமாட்டார்.

யானை நீந்துவதைப் படகிலிருந்து பார்க்கலாமாமே, உண்மையா?
— எட்டாம் வகுப்பு மாணவி, அக்கரைப்பற்று

உண்மைதான் மகள். இங்கினியாகலைக்குப் போனால் சேனாநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்தில் படகு விடுகிறார்கள். மாசி கழிந்து தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் தீவுக்குத் தீவு நீந்தும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கல் மிதக்கிற மாதிரி இருக்கும், தும்பிக்கை நுனி மட்டும் மேலே நிற்கும். அந்தக் குளத்தைச் சுற்றியிருக்கிற கல்லோயா தேசிய பூங்காவை 1954 இல் அறிவித்ததே குளத்துக்குத் தண்ணீர் சேர்கிற காட்டைக் காப்பாற்றத்தான். கல்லோயா என்பது வேறொன்றுமில்லை, எங்கள் பட்டிப்பளை ஆறுதான். அப்பாவிடம் கேளுங்கள், உங்கள் பக்கத்து வயலுக்குப் பாய்கிறதும் அங்கிருந்து வருகிற தண்ணீராக இருக்கும்.